கஜா வீட்டின் பின்சுவரையும் யாராவது வந்து பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் மாநில அரசு இவ்வளவு கேட்டது, மத்திய அரசு இவ்வளவுதான் கொடுத்தது என்று உங்கள் நாளிதழில் படிக்கிறேன். கஜா புயலுக்குத் தமிழகம் ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் கேட்டது. 2018 டிசம்பர் கடைசி நாளில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதல் கிடைத்தது 1,146 கோடி. குறைவாகக் கொடுத்ததைக் கேட்டுச் சண்டை போட வேண்டியதுதான். ஆனால் வந்த பணம் எங்கள் தெருவுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்டு நான் படித்ததில்லை. ஒரே ஒரு வீட்டைக் கடைக்கால் தோண்டியதிலிருந்து கூட இருந்து பார்த்தவள் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமத்தில் மகளிர் குழுவுக்குப் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறிய அந்த இரவில், என் மாமியாரின் கீற்று வீட்டில் அடுப்படி மண்மேடை மட்டும்தான் மிஞ்சியது. குடிசைக்கு அறிவித்த 10,000 ரூபாய் கைக்கு வந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது வெளிமாநிலங்களிலிருந்து வந்து சேற்றில் நின்று வேலை பார்த்த மின் ஊழியர்களை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். உடனடி நிவாரணம் ஊர் பார்க்க நடந்தது; யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று தெருவுக்கே தெரியும். அதற்குப் பிறகு வந்த வீட்டுப் பணம்தான் யார் கண்ணிலும் படாமல் நடந்தது.

அடுத்த வருஷம் பிரதமர் வீடு திட்டத்தில் அத்தையின் பெயர் வந்தது. அப்போது மாநில அரசு மேல்தளத்துக்குத் தந்த 50,000 சேர்த்து 1,70,000 ரூபாய். விதிப்படி பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும், பணம் அவர் வங்கிக் கணக்குக்குத் தவணையாக வரும். எழுபது வயதில், ஒற்றை ஆளாக இருக்கும் ஒரு அம்மா கொத்தனார், கம்பி, சென்ட்ரிங் என்று எங்கே போய் அலைவார்? "நான் கட்டித் தர்றேன்" என்று ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். எங்கள் பக்கம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. அத்தையின் பாஸ்புக் அவர் பைக்குப் போனது. பணம் ஏறும் நாளில் மட்டும் வண்டியில் கூட்டிப் போய்க் கைநாட்டு வாங்கிவிட்டு, வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

சிமென்ட் வந்த அன்று நான் வீட்டில் இருந்தேன். தாளில் 50 மூட்டை என்று இருந்தது. நின்று எண்ணினேன், 42 வந்தது. மீதி எங்கே என்றதற்கு அடுத்த வண்டியில் வரும் என்றார்கள். அன்றைக்கே குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்தேன். எங்கள் குழுவில் இருபது ரூபாய் கணக்கு உதைத்தாலும் கூட்டம் முடியாது. அந்தப் பழக்கம்தான் எழுத வைத்தது. அந்த எட்டு மூட்டை இன்று வரை வரவில்லை.

கடைசித் தவணைக்குப் போட்டோ எடுக்க வந்த நாளை மறக்கவே முடியாது. கடைக்கால், லிண்டல், தளம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கைப்பேசியில் இடத்தோடு பதிவாகும்படி படம் எடுத்து ஏற்றினால்தான் பில் போடுவார்கள். நல்ல ஏற்பாடுதான், ஒத்துக்கொள்கிறேன். முன்சுவரை மட்டும் முந்தின நாள் அவசரமாகப் பூசி, அன்று காலையில்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஈரம்கூடக் காயவில்லை. "பாட்டிம்மா, கதவுகிட்ட வந்து நில்லுங்க" என்றார் வந்தவர். அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். ஒரு படம், அவ்வளவுதான். "சார், பின்னாடியும் வந்து ஒரு தடவை பார்த்துடுங்க" என்று கூப்பிட்டேன். இன்னும் ஒன்பது வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பின்னால் செங்கல் அப்படியே தெரியும். பூச்சே கிடையாது. கழிப்பறைக்குத் தொட்டிக்குழி தோண்டியதோடு சரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தச் சுவர் தண்ணீரை உறிஞ்சி உள்பக்கம் பாசி பிடித்துவிடுகிறது. உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறோம். அத்தை கட்டிலை அந்தப் பக்கம் போடுவதில்லை. அரசாங்கத்தின் கணக்கில் இந்த வீடு முடிந்த வீடு.

பத்து ரூபாய் வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டேன். எவ்வளவு சிமென்ட், எவ்வளவு கம்பி கொடுத்தீர்கள், அளவெடுத்த பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தேன். முப்பது நாள் கெடு தாண்டி ஒரு வரியில் பதில் வந்தது: "மேற்படி வீடு பணி முடிக்கப்பட்டு முழுத் தொகையும் விடுவிக்கப்பட்டது." கேட்டது ஒன்று, வந்தது ஒன்று.

சுனாமி வீடுகளையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 2005 முதல் கட்டிக் கொடுத்த குடியிருப்புகளில் இன்று உப்புக் காற்றில் தளத்துப் பூச்சு உதிர்ந்து, துருவேறிய கம்பி தெரிகிற வீடுகள் இருக்கின்றன. கட்டும்போது மேற்பார்வைக்கு ஆள் இருந்தார்கள். சாவி கொடுத்த நாளோடு கேட்பார் இல்லை. பராமரிக்க யார் பொறுப்பு என்று கேட்டால், இந்த ஆபீஸ் அந்த ஆபீஸைக் காட்டுகிறது.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை வரும்தான். ஆனால் அது வருவதற்குள் ஒப்பந்தக்காரர் ஊரையே மாற்றிவிடுவார், ஓவர்சியருக்கு மாறுதல் வந்துவிடும். வீடு நிற்கும்போதே தணிக்கை நடக்க வேண்டும். இந்த வீட்டுத் திட்டத்தின் விதிமுறையிலேயே வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஊராட்சியில் சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்று இருக்கிறது. புதுச் சட்டம் எதையும் நான் கேட்கவில்லை. அந்தத் தணிக்கையை ஊராட்சி அலுவலகத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடிக்காமல், வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடத்துங்கள். முடிந்த வீட்டுக்கு நாலு பக்கமும் படம் எடுங்கள். கடைசித் தவணையை அதற்குப் பிறகு விடுங்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் எவ்வளவு தொகை, எத்தனை நாள் என்று பலகை வைக்கிறார்களே, அதேபோல ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எத்தனை மூட்டை, எத்தனை கிலோ கம்பி, எவ்வளவு ரூபாய் என்று எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துச் சொல்லும். அப்புறம் ஒன்று, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு "நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்" என்ற விதி உதவாது. அவர்கள் வீட்டு வேலையை மேற்பார்க்கும் பொறுப்பை எங்களைப் போன்ற குழுக்களிடம் எழுத்தில் கொடுங்கள். நாங்கள் எண்ணி வாங்குவோம்.

இதைப் படிக்கும் அதிகாரிகள் யார் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. அத்தைக்கு அந்தச் சுவரைப் பூசித் தந்தால் போதும். எங்கள் தெருவில் மட்டும் இதே மாதிரி ஆறு வீடு இருக்கிறது. வருகிற நவம்பர் 1 கிராம சபைக்கு அந்தப் பழைய நோட்டோடு நான் போகிறேன். ஒன்றியத்திலிருந்து அளவு டேப்போடு ஒரு பொறியாளரை அன்றைக்கு அனுப்பி வைத்தால், ஆறு வீட்டுக்கும் நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகளிர் குழுச் செயலாளர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.