விறைப்பு விடுவதற்கு முன்

கோண்டாவில்,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகளுக்கு,

போன கிழமை வீடியோவில் கதைக்கும்போது, மேல் தட்டில் இருந்த தேயிலைப் பேணியை எடுக்க இடக்கையைத் தூக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு வலக்கையால் எடுத்தாய். கேட்டதற்கு, "படுத்த விதம் சரியில்லை அம்மா" என்றாய். முதல் மூன்று மாதம் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதனால்தான் போனில் சொல்லாமல் விட்டதை எல்லாம் இப்போது எழுதுகிறேன்.

எனக்கும் இடது தோள்தான். இரவில் அந்தப் பக்கம் சரிய முடியவில்லை. பிறகு முதுகுப்பக்கம் கை போகவில்லை. பிறகு இடியப்ப உரலை அமத்த முடியாமல், அப்பா கடையில் இடியப்பம் வாங்கத் தொடங்கினார். நல்லூர்த் தேரன்று எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி நிற்க, நான் ஒரு கையை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் அழுகை வந்தது.

இதற்கு உறைந்த தோள் என்று பேர், தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிட்டது என்றார் டொக்டர். 40க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதில்தான் கூடுதலாக வருமாம், பெண்களுக்கு இன்னும் அதிகம், சீனி வருத்தம் இருந்தால் அதைவிட அதிகம். தானாகவும் இளகும், ஆனால் வருடக் கணக்கில் இழுக்கலாம். மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி போட்டார்கள். சில நாள் சீனி ஏறி நின்றது. ஃபிசியோவும் செய்தேன். போதவில்லை. கடைசியில் மயக்கிவைத்து, கையைப் பிடித்து அசைத்து, இறுகின உறையை விடுவிப்பது என்று முடிவானது. நேரத்தோடு பார்த்தால் உனக்கு அவ்வளவு தூரம் போகவேண்டி வராது.

மயக்குவதற்கு முன்பே கழுத்தடியில் ஒரு ஊசி. தலையை மற்றப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, ஸ்கேன் கருவியை வைத்துத் திரையில் நரம்பைப் பார்த்துப் பார்த்து மருந்தை விட்டார் மயக்க மருந்து டொக்டர். தோளுக்குப் போகும் நரம்புகள் கழுத்தில் இரண்டு தசைகளுக்கு நடுவால்தான் இறங்குகின்றன. அந்த இடத்திலேயே மருந்தை விட்டால் வலிச் செய்தி மூளைக்குப் போகாது. கொஞ்ச நேரத்தில் கை சூடாகி, பாரமாகி, என்னுடையது இல்லாமல் போய்விட்டது. வலக்கை விரலால் இடக்கைக் காப்பைத் தொட்டேன். காப்பின் குளிர் விரலுக்குத் தெரிந்தது, மணிக்கட்டுக்குத் தெரியவில்லை. இடக்கண் இமை கொஞ்சம் சரிந்தது, குரல் கரகரத்தது, மூச்சும் சற்றுக் குறைந்த மாதிரி இருந்தது. பக்கத்து நரம்புகளுக்கும் மருந்து படுவதால் இப்படி வரலாம், விறைப்பு விட எல்லாம் பழையபடி வரும் என்று முன்பே சொல்லியிருந்தார். சொல்லாவிட்டால் பயந்தே போயிருப்பேன்.

விழித்தபோது வலி என்பதே இல்லை. ஃபிசியோப் பிள்ளை வந்து என் கையைப் பிடித்துத் தலைக்கு மேலே, காதோடு ஒட்டும் அளவுக்குத் தூக்கினாள். அப்பா அதைப் படம் எடுத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் படத்தில் கை மேலே நிற்கிறது. மூட்டு இளகிவிட்டது, இனிப் பயமில்லாமல் அசைக்கலாம் என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நம்பினேன். உனக்கும் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன்.

பின்னேரம் வீட்டுக்கு விடும்போது நேர்ஸ் மிஸ்ஸி இரண்டு விஷயம் சொன்னாள். விறைத்த கையில் சூடான எதையும் படவிடாதே, சுட்டாலும் தெரியாது. வலி இல்லாவிட்டாலும் படுக்கும்போது குளிசையைப் போடு, ஊசியின் விறைப்பு விடும்போது குளிசை வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். முதலாவதைக் கேட்டேன். இரண்டாவதைக் கேட்கவில்லை. வலியே இல்லை, ஏற்கெனவே சீனிக் குளிசைகள் வேறு, எதற்கு இன்னும் என்று மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு விரல் நுனி சுணைத்தது. கை திரும்புகிறது என்று சந்தோஷப்பட்டேன். அரை மணித்தியாலத்தில் தோளுக்குள் அகப்பையை விட்டுக் கிண்டுவது போல வந்தது, பிள்ளை. உன்னைப் பெற்ற இரவுக்குப் பிறகு அப்படி ஒரு வலியை நான் அறியேன். குளிசையைத் தேடிப் போட்டும் அடங்க விடிந்துவிட்டது. அப்பா கதிரையைக் கட்டிலோடு போட்டு, கைக்குக் கீழே தலகணியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு இருந்தார். விறைப்பு 12 மணித்தியாலத்திலும் விடலாம், 18 மணித்தியாலமும் நிற்கலாம், எனக்குப் பதினாறு. யாருக்காவது இந்த ஊசி போட்டால் இதை மறக்காமல் சொல்லு.

அப்புறம் ஒவ்வொரு நாளும் பயிற்சி. முன்னால் குனிந்து, துலாக் கயிற்றில் வாளி ஆடுவது போலக் கையைத் தொங்கவிட்டு ஆட்டுவேன். 1934இல் இந்த வருத்தத்துக்கு ஆங்கிலத்தில் உறைந்த தோள் என்று பேர் வைத்த கொட்மன் என்ற அமெரிக்க டொக்டரின் பேரால்தான் அந்தப் பயிற்சியையும் சொல்கிறார்கள். பிறகு விரலால் குசினிச் சுவரில் ஏறி, எட்டின இடத்தில் பென்சிலால் கீறுவேன். நேற்றைய கீறு யன்னலின் மேல் சட்டத்துக்கு வந்துவிட்டது.

இப்போது நீ ஒன்று செய். முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்து வைத்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் திருப்பு. பிறகு மருமகனைப் பிடித்து மெல்லத் திருப்பச் சொல். அவர் திருப்பியும் மற்றக் கை அளவுக்கு வராவிட்டால், இந்தக் கிழமையே டொக்டரிடம் போ, சீனியையும் சோதித்துப் பார். வெள்ளிக்கிழமை வீடியோவில் வரும்போது இரண்டு கையையும் தூக்கிக் காட்டு. அப்பாவும் பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா