கடை மூடும்போது எங்கள் முன்பணம் யாருடையது?

திவாலான கடைகளின் கணக்கைத் தீர்க்கும் நிர்வாகிகளுக்கும், அவர்களுக்கான சட்டத்தை வகுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கட்டிலுக்கும் மெத்தைக்கும் முழுப் பணமும் கட்டி வாங்கிய ஒரு ரசீது என்னிடம் இருக்கிறது. மெஷினில் அச்சான எழுத்து பாதி மங்கிவிட்டது. ஓரத்தில் பேனாவால் எழுதிய 'முழுத்தொகை பெறப்பட்டது' என்ற வரி மட்டும் நன்றாகத் தெரிகிறது. "ரெண்டு வாரத்துல வீட்டுக்கே வந்துடும்" என்றார் விற்பனையாளர். ஒன்பதாம் நாள் ஷட்டர் இறங்கிவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் நிர்வாகியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் 'பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்' என்று அதில் இருந்தது. அந்தச் சொல்லை இரண்டு மூன்று முறை படித்தேன். நான் யாருக்கும் கடன் கொடுக்கவில்லையே, கட்டில் வாங்கத்தானே போனேன்?

சட்டப்படி அந்தச் சொல் சரிதான்: பணத்தை வாங்கிவிட்டுப் பொருள் தராத கடை எனக்குக் கடன்பட்டிருக்கிறது, அதற்கு ஈடாக என் கையில் எந்தப் பிணையும் இல்லை. அதுதான் என் வருத்தமே. மிஞ்சிய சொத்தை விற்று வரும் பணத்தில் அடமானம் வைத்திருக்கும் வங்கி தன் பங்கை எடுக்கும், திவால் நடவடிக்கையின் செலவு போகும், ஊழியர்களின் பாக்கி போகும், பல இடங்களில் வரியும் போகும். இந்த வரிசை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். முன்பணம் கட்டிய நாங்கள் மட்டும் அநேகமாக எல்லா இடத்திலும் வாலில்தான் நிற்கிறோம். ஊழியர்கள் எங்களுக்கு முன்னால் நிற்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் வங்கி, கடையின் கணக்கைப் புரட்டிப் பார்த்து, வட்டி பேசி, பிணை வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தது. சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரி, நிலைமை மோசம் என்று காதில் விழுந்ததுமே சரக்கை நிறுத்த முடிந்தது. எங்களுக்கு எதுவும் தெரியாது. 'இன்று பணம் கட்டினால் தள்ளுபடி' என்ற பலகைதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. கையில் பணம் வறண்ட கடைதான் அப்படிப்பட்ட பலகையை அவசரமாக மாட்டும் என்பது இப்போது புரிகிறது.

ஆகவே என் முதல் கோரிக்கை இது: கொடுக்காத பொருளுக்கு வாங்கிய பணம் கடையின் பணம் ஆகக் கூடாது. பொருள் கைக்கு வரும்வரை அது தனிக் கணக்கில் இருக்கட்டும். இது நடக்காத காரியமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சுற்றுலாத் தொகுப்பு விற்பவர்கள், தாங்கள் நொடித்துப் போனாலும் பயணிகளின் பணம் திரும்பக் கிடைக்க ஏற்பாடு செய்தே தீர வேண்டும். விடுமுறைப் பயணத்துக்குத் தரும் பாதுகாப்பைக் கட்டிலுக்கு ஏன் தரக் கூடாது?

எல்லாக் கடைக்கும் அது முடியாது என்றால், மூடப்போவது நிர்வாகத்துக்குத் தெரிந்த நாளிலிருந்து வாங்கும் முன்பணத்தையாவது தனியே வையுங்கள். வரிசையிலும் எங்களைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். அமெரிக்கத் திவால் சட்டம், வீட்டு உபயோகத்துக்காக முன்பணம் கட்டியவர்களுக்கு ஒரு வரம்பு வரை முன்னுரிமை தருகிறது. பிரிட்டனின் சட்ட ஆணையமும் 2016-இல், முன்பணம் கட்டியவர்களில் வேறு பாதுகாப்பு இல்லாத ஒரு பிரிவினருக்காவது முன்னுரிமை தரச் சொன்னது.

கிஃப்ட் கார்டின் கதை இன்னும் மோசம். 2008-இல் அமெரிக்காவின் ஷார்ப்பர் இமேஜ் என்ற கடை நிறுவனம் திவாலானபோது கார்டுகளை ஏற்பதை நிறுத்தியது. பிறகு, கார்டின் மதிப்பைப் போல இரண்டு மடங்குக்குப் பொருள் வாங்கினால் ஏற்கிறோம் என்றது. நம் பணத்தை நாம் எடுக்க மேலும் பணம் கட்ட வேண்டும்! பிரிட்டனில் 2013 ஜனவரியில் ஹெச்எம்வி என்ற இசை, சினிமா வட்டுக் கடைகளின் திவால் நிர்வாகிகளும் கார்டுகளை மறுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்? அமெரிக்காவில் கிஃப்ட் கார்டு வைத்திருப்பவருக்கு முன்பணம் கட்டியவருக்கான அந்த முன்னுரிமை உண்டா என்பதில் நீதிமன்றங்களே மாறுபட்ட தீர்ப்புகள் தந்திருக்கின்றன. அந்தக் குழப்பத்தைச் சட்டத்தில் ஒரே வரி எழுதித் தீர்த்துவிடலாம்.

பணம் கட்டிய வழியும் எங்கள் கதியை மாற்றுகிறது. கார்டில் கட்டியவர் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைக் கடையிடமிருந்து திருப்பி வாங்கித் தரும்படி, கேட்கலாம். பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, குறிப்பிட்ட விலை வரம்புக்குள் வரும் பொருளுக்குக் கிரெடிட் கார்டு நிறுவனத்தையும் கடையோடு சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. ரொக்கமாக எண்ணிக் கொடுத்தவருக்கு இதில் எதுவும் இல்லை. கார்டு இல்லாதவர்களும் வயதானவர்களும்தான் பெரும்பாலும் அப்படிக் கொடுக்கிறார்கள்.

ரிப்பேருக்குக் கொடுத்த பொருள் எங்களுடையது, கடையின் சொத்து அல்ல. அதைச் சரக்கோடு சரக்காக ஏலத்தில் விட்டுவிடாதீர்கள். எங்கள் பெயர், போன் நம்பர் அடங்கிய பட்டியலும் அப்படித்தான். 2015-இல் திவாலான ரேடியோஷேக் என்ற மின்னணுப் பொருள் கடை நிறுவனம் தன் வாடிக்கையாளர் பட்டியலை விற்க முனைந்தபோது அமெரிக்க மாநிலங்கள் எதிர்த்து நின்றன, விற்ற தகவலின் அளவும் வெகுவாகக் குறைந்தது. எல்லா இடத்திலும் இப்படிக் குரல் கொடுக்க ஆள் இருக்காது.

கடைசியாக, சட்டம் எதையும் மாற்றாமல் நாளைக்கே நீங்கள் செய்யக்கூடிய ஒன்று. அன்று ஷட்டரில் ஒட்டியிருந்த காகிதத்தில் 'கடை மூடப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. என்னைப் போலவே ரசீதோடு வந்த ஒரு அம்மா அதை முழுக்கப் படித்துவிட்டு, "யாரைக் கேக்கணும்னு போடலையே" என்றார். யாரைக் கேட்க வேண்டும், எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும், ரசீது தொலைந்திருந்தால் வேறு எதைக் காட்டலாம், கார்டில் கட்டியவர் முதலில் எங்கே போக வேண்டும் என்பதை அந்தக் காகிதத்திலேயே, எங்களுக்குப் புரியும் மொழியில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர்