உன் கொட்டகை எலிக்காக

ஏற்காடு

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கிலாந்தில் மகள் வீட்டுக் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதில் சந்தோஷம். இங்கே காபிப் பழம் பறிப்பு நடக்கிறது. ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு.

கொட்டகையில் ஓர் எலி விதைப் பையைக் கடித்துவிட்டது, பசை அட்டை வாங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். வாங்காதே. இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் பொதுமக்கள் எலிக்கு அதை வைப்பதே குற்றம். சட்டத்தை விடு, நீ சொன்ன அடையாளத்தைப் பார்த்தால் அது வீட்டுச் சுண்டெலியே இல்லை. செம்பழுப்பு முதுகு, வெளுத்த வயிறு, துருத்திய கருங்கண், பெரிய காது. ஐரோப்பாவின் காடுகளிலும் வேலியோரங்களிலும் வாழும் காட்டுச் சுண்டெலி அது. இருபது கிராம்தான் இருக்கும். குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்கவும் அதற்குத் தெரியாது, கொட்டைகளையும் விதைகளையும் சேர்த்து வைத்துத்தான் பிழைக்கிறது.

அது செய்கிற ஒரு காரியத்தைக் கேள். இரை தேடும் இடத்தில் இலை, குச்சி என்று எதையாவது கொண்டுவந்து போட்டு, அதைச் சுற்றியே தேடும். வேறு இடத்துக்கு நகர்ந்தால் அடையாளத்தையும் நகர்த்தும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இரண்டு பேர் வெள்ளை பிளாஸ்டிக் வட்டுகளைக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றையும் தூக்கிப்போய் அப்படியே வைத்ததாம். அடையாளத்துக்குச் சிறுநீர் வாடையை விட்டு வைத்தால் வேட்டை விலங்கு மோப்பம் பிடித்துவிடும், இலையால் அந்த ஆபத்து குறைவு. மனிதனைத் தவிர வேறு பாலூட்டி எதுவும் இப்படிச் செய்து தாங்கள் அறிந்ததில்லை என்று 2003இல் எழுதினார்கள். படித்ததிலிருந்து எனக்கு அந்த எலிமேல் தனி மரியாதை!

ராத்திரியில் ஆந்தை கூப்பிடுகிறது என்றாயே, அதற்கும் முக்கியமான இரை இதுதான். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தம் காட்டில், எலி குறைந்த வருஷங்களில் பல ஆந்தை ஜோடிகள் முட்டையே வைக்கவில்லை.

அப்புறம், பிடிக்க வேண்டி வந்தால் உயிரோடு பிடிக்கும் கூண்டு வை. வாலைப் பிடித்து மட்டும் தூக்காதே. தோல் உறைபோலக் கழன்று வந்துவிடும், போன வால் திரும்ப முளைக்காது. விதையைத் தகர டப்பாவில் போட்டு இறுக்கி மூடினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பேத்தியிடம் சொல்லி, கொட்டகை ஓரத்தில் வெள்ளைச் சட்டைப் பொத்தான் நாலைந்து போட்டு வைக்கச் சொல். காலையில் இடம் மாறியிருந்தால் உடனே எனக்கு எழுது. பிப்ரவரியில் வந்தாயானால் புதுக் காபித்தூள் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
மாணிக்கம்