மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கு: சுற்றறிக்கைக்கு முன் ஓர் அரைத்தாள்

மதிப்புக்குரிய முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் உடல்தண்டனை ஒழிப்பு வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. தடையில் குழப்பமில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு கைமீறும்போது பிரம்புக்குப் பதில் என்ன செய்வது என்ற பயிற்சிதான் பெரும்பாலான ஆசிரியர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் பிரம்பு இருந்த இடத்துக்கு முட்டி போடச் சொல்வதும், வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும், "டி.சி. கொடுத்துடுவேன்" என்ற மிரட்டலும் வந்திருக்கின்றன.

தண்டிப்பதற்குப் பதில் நல்ல நடத்தையைக் கற்பித்துப் பாராட்டி வளர்க்கும் நேர்மறை நடத்தை ஆதரவு என்ற முறையை உங்கள் மாவட்டத்தில் கொண்டுவர வேண்டும் என்று கேட்டே இந்த மடலை எழுதுகிறோம். அதைவிட அழுத்தமாக இன்னொன்றையும் கேட்கிறோம். மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நாளில் சுற்றறிக்கை அனுப்பி இதைத் தொடங்கிவிடாதீர்கள்.

அமெரிக்காவில் 1997-இல் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது இந்த அணுகுமுறை சட்டத்திலேயே இடம்பெற்றது. ஒரேகான் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சுகாய், ராபர்ட் ஹார்னர் ஆகியோர் இதை ஒரு பிள்ளைக்கான சிகிச்சையாகப் பார்க்காமல் முழுப் பள்ளிக்கான ஏற்பாடாக வளர்த்தார்கள். அது மூன்று அடுக்கு கொண்டது. முதல் அடுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. அது சரியாக நடந்தால் நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது பேருக்கு அதுவே போதும். பத்துப் பதினைந்து பேருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும். மீதி ஐந்து பேர் வரை தனித்தனித் திட்டம் தேவைப்படுபவர்கள். முதல் அடுக்கு இல்லாத பள்ளியில் எல்லாப் பிள்ளையும் மூன்றாம் அடுக்குப் பிள்ளையாகவே தெரியும். தலைமை ஆசிரியர் அறை வாசலில் தினமும் வரிசை நிற்கும்.

தொடங்க வேண்டிய இடம், பள்ளியில் நடக்கும் தொல்லைகளின் எண்ணிக்கை. ஓர் அரைத்தாள் போதும். நாள், மணி, இடம், என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அதற்குப் பின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது, ஆசிரியர் என்ன செய்தார் என்று ஏழே கட்டங்கள். பாதிக்கு மேல் டிக் அடிக்கும்படி இருக்க வேண்டும். நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் இரண்டாம் வாரமே தாள் காலியாகத் திரும்பி வரும். எது வகுப்பாசிரியர் பார்த்துக்கொள்வது, எது தலைமை ஆசிரியரிடம் போவது என்பதை எழுதும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். நோட்டு கொண்டுவராதது, பக்கத்துப் பிள்ளையோடு பேசுவது முதல் வகை. கைகலப்பு இரண்டாம் வகை. பாலியல் தொல்லை, வீட்டில் வன்முறை ஆகியவை இந்தத் தாளுக்கே வரக் கூடாது. அவை நேரே சட்டப்படியான புகாருக்கும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் போக வேண்டியவை.

ஒரு மாதத் தாள்களை அடுக்கினால் தெரிவது பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் இல்லை, இடங்களும் நேரங்களும்தான். 400 பிள்ளைகள், கை கழுவ 6 குழாய், ஆளுக்கு அரை நிமிடம் என்று கணக்கிடுங்கள். ஒரு குழாய்க்கு 67 பேர்; கடைசிப் பிள்ளை கை கழுவ 33 நிமிடத்துக்கு மேல் ஆகும். உணவு இடைவேளையே 40 நிமிடம் என்றால் அந்த வரிசையில் தள்ளுமுள்ளும் தட்டுச் சண்டையும் வராமல் இருக்காது. அதற்கு எத்தனை பேரைத் தோப்புக்கரணம் போடச் சொன்னாலும் மறுநாள் அதே சண்டை வரும். கீழ்வகுப்புகளை 15 நிமிடம் முன்னால் விட்டு, ஓர் ஆசிரியரை வகுப்பு வாசலில் நிறுத்தாமல் குழாயடியில் நிறுத்தினால் பெரும்பகுதி அடங்கும். எந்தப் பிள்ளையையும் திருத்தாமலே தீரும் தொல்லைகள் ஒரு பள்ளியில் எத்தனை என்பதை இந்தத் தாள் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது கற்பித்தல். மூன்று எதிர்பார்ப்பு போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம்: மதிப்போம், பொறுப்பாக இருப்போம், பாதுகாப்பாக இருப்போம் என்பது போல. இவை சுவரில் எழுதும் வாசகங்களாக நின்றுவிட்டால் பயனில்லை. வராண்டாவில் பொறுப்பு என்றால் என்ன, சத்துணவுக் கூடத்தில் என்ன, கழிப்பறையில் என்ன என்று இடத்துக்கு இடம் செயலாகச் சொல்ல வேண்டும். "ஒழுங்காக இரு" என்பது எந்தப் பிள்ளைக்கும் புரிகிற கட்டளை இல்லை. "தட்டை இரண்டு கையாலும் பிடி, முன்னால் நிற்பவரிடமிருந்து ஒரு கை தூரம் விடு" என்றால் புரியும். ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரத்தில் அந்தந்த இடத்துக்கே கூட்டிப்போய்ச் செய்து காட்டிப் பழக்குங்கள். காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, பொங்கல் முடிந்து திரும்பும் முதல் நாளெல்லாம் மீண்டும் ஒரு பீரியட் ஒதுக்குங்கள். வாய்ப்பாட்டை ஒருமுறை சொல்லிவிட்டு ஆண்டு முழுவதும் நினைவில் இருக்கும் என்று எந்த ஆசிரியரும் நம்புவதில்லை. நடத்தைக்கும் அதே கணக்குத்தான்.

நம் வகுப்பறைகளில் ஏற்கெனவே ஒரு பதிவு முறை இருக்கிறது. ஆசிரியர் வெளியே போகும்போது லீடர் கரும்பலகையில் "பேசுபவர்கள்" என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதுவார். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. வேண்டியவர் பெயர் அழிந்துவிடும், வேண்டாதவர் பெயர் பேசாமலே ஏறிவிடும். திரும்பி வரும் ஆசிரியர் பேசாமல் இருந்த முப்பத்தைந்து பேரைப் பார்ப்பதே இல்லை. இந்த வழக்கத்தை நிறுத்துவதைத்தான் முதல் நடவடிக்கையாகக் கேட்கிறோம். ஒரு கண்டிப்புக்குக் குறைந்தது நான்கு பாராட்டு என்ற விகிதத்தை ஆசிரியர் பழக வேண்டும். "குட்" என்ற ஒற்றைச் சொல் பாராட்டாகாது. "கவிதா, சொல்லாமலேயே நோட்டை அடுக்கி வைத்துவிட்டாய்" என்று செய்ததைப் பெயரிட்டுச் சொன்னால்தான் அது கற்பித்தலாகும்.

பரிசில் ஒரு கவனம் தேவை. வண்ணக் கயிறு, வண்ணப் பட்டை, ரிப்பன் எதையும் பரிசாகவோ குழு அடையாளமாகவோ தரவே கூடாது. 2023 நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கையில் வண்ணக் கயிறு கட்டுவதையே பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது; சாதி அடையாளமாக அவை புழங்குவதுதான் காரணம். மைதானத்தில் பத்து நிமிடம் கூடுதல் விளையாட்டு, வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் வாய்ப்பு போன்றவற்றுக்குச் செலவும் இல்லை, நிறமும் இல்லை. நல்ல நடத்தைக்குப் புள்ளி கொடுத்தால் அதைப் பிறகு பிடுங்காதீர்கள். பிடுங்கத் தொடங்கிய நாளிலேயே அது தண்டனை முறையாக மாறிவிடும்.

இரண்டாம் அடுக்குக்கு ஓர் அட்டை போதும். மூன்று எதிர்பார்ப்பு, எட்டு பீரியட், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண், மொத்தம் 48. வழக்கமான இலக்கு 80 சதவீதம், அதாவது 39. ஆனால் இப்போது 20 வாங்கும் பிள்ளைக்கு முதல் வாரமே 39 என்று வைத்தால் இரண்டாம் நாளே அட்டை தொலைந்துபோகும். 25-இல் தொடங்குங்கள். காலையில் இரண்டு நிமிடம், மாலையில் மூன்று நிமிடம், அந்தப் பிள்ளைக்குப் பிடித்த ஒரு பெரியவர் அட்டையைப் பார்த்துப் பேச வேண்டும். அவர் உடற்கல்வி ஆசிரியராக இருக்கலாம், ஆய்வக உதவியாளராகவும் இருக்கலாம்.

இந்த அட்டை பெரியவர்களின் கவனத்துக்கு ஏங்கும் பிள்ளையிடம் நன்றாக வேலை செய்யும். பாடத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கும் பிள்ளையிடம் செய்யாது. ஏழாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் மாணவன், ஆங்கிலப் பீரியடில் வாசிப்பு முறை தன்னிடம் வரும்போது பக்கத்தில் இருப்பவனைக் குத்துகிறான், ஆசிரியர் வெளியே அனுப்புகிறார், வாசிக்காமல் தப்பித்துவிட்டான். நாம் தண்டனை என்று நினைத்ததை அவன் விடுதலையாகப் பெற்றுக்கொண்டான். நாளையும் குத்துவான். அவனுக்கு வேண்டியது அட்டை இல்லை, எழுத்துப் பயிற்சி. அது கைகூடும்வரை, முந்தின நாளே பழகிய இரண்டு வரியை மட்டும் வாசிக்கச் சொல்லும் ஏற்பாடு. அரைத்தாளில் "பின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது" என்ற கட்டம் இருப்பது இதற்காகத்தான். மூன்றாம் அடுக்கில் இதே கேள்வியைச் சிறப்பாசிரியரும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து விரிவாகக் கேட்க வேண்டும்.

இனி மாவட்ட அளவில் உங்கள் கையில் இருப்பவை. முதல் ஆண்டுக்கு இரண்டு ஒன்றியங்களில் 12 பள்ளிகள் போதும். ஆசிரியர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். 80 சதவீதம் பேர் சம்மதித்த பள்ளியை மட்டும் எடுங்கள். ஆறு பள்ளிக்கு ஓர் ஆசிரியர் பயிற்றுநரை இந்த வேலைக்கென்றே விடுவியுங்கள். வேறு பத்துத் திட்டங்களின் பதிவேற்றமும் அவர் தலையில் இருந்தால் பள்ளிக்குப் போகவே மாட்டார். இரண்டு நாள் பயிற்சியோடு முடிந்துபோன திட்டங்களின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மாதம் ஒருமுறை வகுப்பில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பொது மாறுதல் கலந்தாய்வில் பள்ளிக் குழுவின் பாதிப் பேர் ஒரே நாளில் போய்விடக்கூடும். அதனால் ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவரை வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு பெற்றோரும் இருக்கட்டும், அவருக்கு மாறுதல் வராது. ஒரு பள்ளியில் இது வேரூன்ற மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும் என்று இப்போதே ஆட்சியரிடம் சொல்லிவையுங்கள்.

எல்லாவற்றையும்விட நாங்கள் அஞ்சுவது ஒன்று. இந்த எண்ணிக்கையை வைத்து ஆய்வுக் கூட்டத்தில் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தினால், அடுத்த மாதமே எல்லாப் பள்ளியிலிருந்தும் பூஜ்யம் வரும். சண்டை குறைந்திருக்காது, எழுதுவது நின்றிருக்கும். 400 பிள்ளைகள் உள்ள பள்ளி மாதம் முழுவதும் ஒரு நிகழ்வும் இல்லை என்று எழுதினால் பாராட்டாதீர்கள், நேரில் போய்ப் பாருங்கள். தலைமை ஆசிரியரிடம் "எத்தனை புகார்?" என்று கேட்காமல் "தாளைப் பார்த்து எதை மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். யார் அதிகம் எழுதப்படுகிறார்கள் என்பதையும் பாருங்கள். இந்த முறை பரவிய பிறகும் அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் கூடுதலாகத் தண்டிக்கப்படுவது தொடர்ந்தது. நம் தாளில் சாதியை எழுதவே கூடாது. எமிஸ் என்ற கல்வித் துறைத் தரவுத்தளத்தில் இருக்கும் விவரத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பிரிவுப் பிள்ளைகள் அளவுக்கு மீறி எழுதப்படுகிறார்கள் என்பதை மாவட்ட அலுவலகத்தில் மட்டும், பருவத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

வரும் ஜனவரியில் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தால், பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் எதையும் மாற்றாமல் எண்ண மட்டும் செய்யலாம். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் ஜூனில் குழாயடிக்குப் போவதா, மாடிப்படிக்குப் போவதா என்று தெரியும். தேர்வுக் காலத்தில் நேரமில்லை என்று பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்களை முதல் ஆண்டு விட்டுவிட்டு 6 முதல் 8 வரை தொடங்குங்கள். தாளின் மாதிரியை எந்த வட்டார வள மையம் கேட்டாலும் நாங்கள் வந்து விளக்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
பள்ளி நடத்தை ஆதரவுப் பணியில் உள்ள ஆசிரியர் பயிற்றுநர்களும் சிறப்பாசிரியர்களும்