ஜார்ஜியாவுல மெடிக்கல் சீட் மட்டும்தானா இருக்கு?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

ஜார்ஜியான்னாலே நம்ம பேப்பர்ல மெடிக்கல் சீட், ஃபீஸ், ஏஜென்ட் விளம்பரம் இதுதான் வருது. என் பொண்ணும் அந்த நாட்டுத் தலைநகர் திபிலிசியில அதுக்குத்தான் படிக்கிறா, அதுல தப்பில்ல. ஆனா அந்த ஊரு மெயின் ரோடு, பெரிய நாடக தியேட்டர், மெட்ரோ ஸ்டேஷன் எல்லாத்துக்கும் ஒரே பேரு, ரூஸ்தவேலி. 800 வருஷத்துக்கு முந்தின கவிஞர் அவரு, அவரப் பத்தி நம்ம பேப்பர்ல ஒரு வரி நான் படிச்சதில்ல.

ஷோத்தா ரூஸ்தவேலி எழுதின காவியம் 'புலித்தோல் போர்த்திய வீரன்'. சிலர் புலிங்கறாங்க, சிலர் சிறுத்தைங்கறாங்க, அது இருக்கட்டும், அந்த வீரன் தாரியேல் யாரு தெரியுமா, இந்தியாவுல இருந்து வந்த இளவரசன்! காதலி நெஸ்தான கடல்ல கொண்டுபோயிட்டாங்க, தேடித்தேடி கெடைக்காம குகையில கெடந்து அழறான், அந்த மிருகத்தோட அழகு அவள ஞாபகப்படுத்துதுன்னு அதோட தோல உடம்புல போர்த்திக்கிட்டுத் திரியறான். கடைசியில அரேபியாவுல இருந்து வந்த அவ்தாந்திலும், ப்ரிதோன்னு இன்னொரு ராஜாவும் கூட நின்னு, மூணு பேருமா கோட்டைய ஒடச்சு அவள மீட்கறாங்க. வேற வேற தேசத்துக்காரங்க உசுரக் குடுத்துப் பழகற அந்த நட்புதான் எனக்கு காதலவிட பெருசாப் படுது.

எழுதினது 1184ல இருந்து 1213 வரைக்கும் ஜார்ஜியாவ ஆண்ட தாமார் ராணி காலத்துல, அவங்களுக்கே காணிக்கையா. கதையிலயும் அரேபிய ராஜா ஆம்பளப் புள்ள இல்லாம மகளுக்கு முடி சூட்டறாரு, அப்ப மந்திரிங்க சொல்றது, சிங்கக்குட்டி ஆணானா என்ன பொண்ணானா என்ன, சிங்கம் சிங்கம்தான்னு. நாலு நாலு அடியா 1,500 பாட்டுக்கு மேல, ஒவ்வொரு அடிக்கும் 16 அசை, நாலு அடியும் ஒரே இயைபுல முடியும்.

பொண்ணு தங்கியிருக்கற வீட்டுப் பாட்டி முகவுரைய பாக்காமலே சொல்றத வாய்ஸ் மெசேஜ்ல அனுப்பியிருந்தா, ஒரு வார்த்தை புரியல, ஆனா அடி முடியற ஓசை மட்டும் தாளம் மாதிரி திரும்பத் திரும்ப வந்து விழுந்துது, மூணு தடவ போட்டுக் கேட்டேன். அவங்ககிட்ட இருக்கற புத்தகம் கல்யாணச் சீரோட வந்ததாம், பொண்ணுக்கு சீர் குடுக்கும்போது இந்தக் காவியத்தையும் வெச்சு அனுப்பறது அங்க பழைய வழக்கம்.

1712ல மொதல்ல அச்சாச்சு, அதுக்கு முன்னாடி எல்லாம் கையெழுத்துப் பிரதிதான், அந்தப் பிரதிங்கள 2013ல யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டுல சேத்தாங்க. ஞாயித்துக்கெழம இணைப்புல ஒரு பக்கம் குடுங்க அய்யா, கொஞ்சம் பாட்ட நல்ல தமிழ்ல மொழிபெயர்த்துப் போட்டு. அங்க போற பசங்க ஃபிளைட் ஏறறதுக்கு முன்னாடி படிக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், நாமக்கல்