சட்டத் தாளை எடிட் அறைக்குள் கொண்டுவாருங்கள்

இதழியல், காட்சித் தொடர்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் மாணவர்கள் ஊடகச் சட்டத்தை ஒரு பருவத்தில் தாளாக எழுதுகிறார்கள். செய்தித் தயாரிப்பை இன்னொரு பருவத்தில் செய்முறையாக முடிக்கிறார்கள். தொலைக்காட்சிச் செய்தி அறையில் இரண்டும் சேர்ந்துதான் வரும். அங்கேதான் சறுக்குகிறார்கள்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவைக் கேளுங்கள், ஒப்பிப்பார்கள்: குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எதுவும் வெளிவரக் கூடாது. அவர்களே எடிட்டில் உட்கார்ந்தால் முகத்தை மங்கலாக்கிவிட்டுப் பள்ளிச் சீருடையை அப்படியே விட்டுவிடுவார்கள். தந்தையின் பேட்டியை முகத்தோடு போட்டுவிட்டு, குழந்தையை மறைத்துவிட்டதாக நினைப்பார்கள். தலை திரும்பும்போது, முகத்தோடு மங்கலையும் நகர்த்தும் டிராக்கிங் நழுவி இரண்டு மூன்று ஃப்ரேமில் முகம் தெளிவாகும். ஓட்டத்தில் நமக்குத் தெரியாது, வீட்டில் நிறுத்திப் பார்ப்பவருக்குத் தெரியும். தொகுப்பு சரியாகவே இருந்தாலும், புரோமோ என்ற முன்னோட்டத் துணுக்கை வெட்டுபவர் மூலக் காட்சியிலிருந்து எடுத்திருப்பார். குரலின் சுருதியை மாற்றுவதை நம்பாதீர்கள், அதைத் திருப்பிவிட முடியும்; வேறொருவரைப் பேசவைப்பதே வழி. இந்தப் பிரிவின்படி ஊழியரின் தவறுக்கு நிறுவன உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. பாலியல் வன்முறைக்கு ஆளானவர் இறந்துவிட்டாலும், உறவினரின் சம்மதத்தை மட்டும் வைத்துப் பெயரை வெளியிட முடியாது என்று 2018இல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘வீட்டாரே பெயரைச் சொன்னார்கள் சார்’ என்ற பதில் இங்கே எடுபடாது.

அடுத்தது மொழி. கைதான அன்றே ‘கொலையாளி சிக்கினார்’ என்று திரையின் அடியில் ஓடும் எழுத்து வரியான டிக்கரில் ஓடுகிறது. ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று வாசிக்கிறார்கள். காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது சட்டத் தாளோடு போய்விடுகிறது. வரிக்கடைசியில் ‘என்று கூறப்படுகிறது’ போட்டால் தப்பித்துவிடலாம் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. பிறர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொல்வதும் அவதூறுதான். குற்றவியல் அவதூறில் உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது. வெளியிட்டது பொதுநன்மைக்கு என்றும் காட்ட வேண்டும்.

நாங்கள் கேட்பது இதுதான். வாரம் ஒருநாள் 15 நிமிட புல்லட்டின் ஒன்றை நேரலை போலவே நடத்துங்கள். புல்லட்டினின் வரிசைப் பட்டியலான ரன்டவுனில் நேரம், காட்சி, வாசிப்பு என்ற கட்டங்களோடு ‘சட்டம்’ என்றும் ஒரு கட்டம் இருக்கட்டும். யார் பார்த்தார் என்று அதில் பெயர் எழுத வேண்டும். ஒளிபரப்புக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆசிரியர் ஒரு பிரேக்கிங் செய்தியைத் தரட்டும், உள்ளே ஒரு பொறியோடு: சிறுவன் கைதான தகவல், வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் வந்த பிரசாரப் பேச்சு, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை நடக்கும் இடத்தின் நேரடிக் காட்சி. பதற்றத்தில் என்ன செய்கிறார்கள் என்பதற்குத்தான் மதிப்பெண்.

ஸ்கிரிப்ட், காட்சி, பெயர்ப்பட்டை, டிக்கர், புரோமோ என்று ஐந்து இடத்தையும் தனித்தனியாகப் பார்க்கப் பழக்குங்கள். ஸ்கிரிப்டை மூன்று பேர் பார்க்கிறார்கள். டிக்கரை அடிப்பவரைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை.

நேரலையில் நிற்கும் நிருபருக்குத் திருத்த வாய்ப்பே கிடையாது. ‘அதை உறுதிசெய்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று தொகுப்பாளரிடம் தடுமாறாமல் சொல்லும் பயிற்சியைத் தனியாகவே கொடுங்கள். கேட்கச் சின்ன விஷயம்தான். பலருக்கு வாய் வருவதில்லை.

பாடக்குறிப்புகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அவதூறு இப்போது 356ஆம் பிரிவு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது 72ஆம் பிரிவு. குறிப்பில் இன்னமும் பழைய சட்டத்தின் 499, 228ஏ என்று மட்டும் இருந்தால், இந்தப் பருவம் தொடங்குமுன் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
செய்தி அறைப் பணியாளர்கள் சிலர்