செல்விக்கு அம்மா எழுதுவது

அன்பு செல்விக்கு,

ரங்கூனில் காலையிலிருந்து கரண்ட் இல்லை, மோட்டார் தையல் மிஷின் சும்மா நிற்கிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி போனில் படம் பிடித்து அனுப்புவான். இருட்டிய பிறகு அவன் வெளியே போவதில்லை, அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

வேளைக்குச் சாப்பிடு. லேசர் அறையில் கண்ணாடி போடாமல் நிற்காதே.

போன வாரம் பீலிக்கான் கோயிலில் அத்தை, "டாக்டர் பொண்ணு எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி இல்லை, ஆராய்ச்சி என்று சொன்னேன். நம் உடம்பில் ஒரு செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ நூலை நீட்டினால் 2 மீட்டர் வரும், அது ஹிஸ்டோன் என்கிற புரத உருண்டைகளில் சுற்றிக்கொண்டு அத்தனை சின்ன இடத்தில் அடங்குகிறது, அந்த நூல் ஏணி மாதிரி, ஒவ்வொரு உருண்டையிலும் அதில் 147 படி சுற்றியிருக்கும், இரண்டு சுற்றுகூட முழுசாக இல்லை, என் மகள் அதை லேசர் வெளிச்சத்தால் பிடித்து இழுத்து எவ்வளவு பலத்தில் அவிழ்கிறது என்று பார்க்கிறாள் என்றேன். நாற்பது வருஷம் பாபினில் நூல் சுற்றியவள், எனக்கா புரியாது? வெளிச்சுற்று லேசாக விட்டுவிடும், உள்சுற்றுதான் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நீ சொன்னதையும் சொன்னேன். அத்தை வாயைத் திறக்கவில்லை.

ஆனால் இதெல்லாம் நீ முதல் வருஷம் சொன்னது. இப்போது கேட்டால் "நல்லாருக்கேம்மா", அவ்வளவுதான். தையோடு உன் இரண்டு வருஷ வேலை முடிகிறது என்று காலண்டரில் நானே பார்த்துக்கொண்டேன். நான் எதுவும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும்தான் கேட்கிறேன்.

நீ வாய் மூடியது எப்போது என்று எனக்குத் தெரியும். போன ஆடியில், ஆறு மாத வேலை வீணாகிவிட்டது என்று அழுதாய். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால்தான் நூல் புரதத்தில் ஒழுங்காகச் சுற்றும், அவசரப்பட்டால் கட்டி தட்டிவிடும் என்று நீ விளக்கிக்கொண்டிருந்தபோதே, "போதும், விட்டுவிட்டு வா, உன் வயதில் எனக்கு இரண்டு பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். அன்று காலையில்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெண்ணுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அவமானத்தை உன் தலையில் கொட்டினேன். உன் அழுகை என் காதில் விழவே இல்லை. உங்கள் அப்பா இருந்திருந்தால் போனை என் கையிலிருந்து பிடுங்கியிருப்பார்.

அதற்காக நீயும் ஒரு வருஷமா இப்படி இருப்பது? பெற்றவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வாய்?

இங்கே இப்போது வரவும் வேண்டாம். அங்கேயே வேறு ஆய்வகம் கிடைத்தாலும் சரி, வேறு ஊர் என்றாலும் சரி. வேலை இல்லாமல் சில மாதம் இருக்க வேண்டி வந்தாலும் சொல், வளையலை வைத்துப் பணம் அனுப்பப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அந்த உப்பு விஷயம் அப்புறம் சரியாக வந்ததா, இன்னும் கட்டி தட்டுகிறதா, முதலில் அதைச் சொல். நடுவில் பேச மாட்டேன்.

சாப்பிடு.

அம்மா